ஆக்கியோன் பெயர்: 1929ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய இலக்கியம் ஒரு பார்வை

முன்னுரை

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்யப் புகுவோர் அதனுள் எட்டுச் செய்திகளைக் கூறுதல் வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. அவ்வெட்டனுள் முதலிடம் பெறுவது ஆக்கியோன் பெயர். நூல் வந்த வழி அதனை அடுத்து நிற்கின்றது. நூற்பெயரும் நுதலிய பொருளும்கூட இவற்றுக்குப் பின்னரே வருகின்றன. நூலைச் செய்தவர் யார், அஃது எதனை முதலாகக் கொண்டு பிறந்தது என்னும் இரண்டினையும் அறிந்த பின்னரே நூலுள் நுழைதல் வேண்டும் என்பது நம் இலக்கண மரபின் துணிபாகும்.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு, 1929ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஸ்திரேலிய நூல்கள் நான்கினை ஈண்டு நோக்குவோம். முதல் உலகப்போர் முடிவுற்ற 1918க்கும் இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939க்கும் ஏறத்தாழ நடுவில் நிற்கும் ஆண்டு இது. நாம் எடுத்துக்கொண்ட நூல்களுள் ஒன்றில் பெண் ஒருவர் ஆண்பெயர் பூண்டு நிற்கின்றார். மற்றொன்றில் இருவர் ஒரு பெயருக்குள் அடங்கியுள்ளனர். மூன்றாவதனை எழுதியவர் தம் பெயரிலேயே எழுதினார். ஆயின் நூலின் தலைப்போ வேறோர் இனத்துப் பெண்ணின் பெயர். நான்காவது ஒரு மெல்லிய சிறுநூல். அதன் முகப்பில் அதன் ஆசிரியர் பெயர் முறையாகவே உள்ளது. ஆனால் அவரே எழுதிய பெருநூல் மறு ஆண்டு பிறர் பெயரில் வெளிவந்தது. இந்நான்கு பெயர்களின் வரலாற்றை அறிந்தால் அக்கால ஆஸ்திரேலியாவின் உள்ளத்தையும் ஒருவாறு அறியலாம்.

காலமும் களமும்

ஆறு தனித்தனிக் குடியேற்ற நாடுகளாக இருந்தவை ஒன்றிணைந்து 1901இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி தோன்றிற்று. 1929இல் அதன் மக்கள்தொகை அறுபது இலட்சத்தைச் சற்றே கடந்திருந்தது. அக்கணக்கில் தொல்குடி மக்கள் சேர்க்கப்பெறவில்லை. அவர்களை மக்கள்தொகைக் கணக்கில் சேர்த்தலாகாது என அரசமைப்புச் சட்டத்தின் 127ஆம் பிரிவு விதித்திருந்தது. 1967இல் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பின் பின்னரே அப்பிரிவு நீக்கப்பட்டது.

1928ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நடு ஆஸ்திரேலியாவில் கோனிஸ்டன் என்னும் பண்ணைப் பகுதியைச் சுற்றிக் காவலர் ஒருவர் தலைமையில் சென்ற குழுவினர் தொல்குடியினரைத் தேடித் தேடிச் சுட்டுக் கொன்றனர். வெள்ளையர் ஒருவர் கொல்லப்பட்டமைக்கு அது பழிவாங்கலாக அமைந்தது. மாண்டோர் 31 பேர் என்பது அரசுத் தரப்புக் கணக்கு. இதனை ஆராய அமைக்கப்பெற்ற விசாரணைக் குழு, அக்கொலைகள் தக்க காரணம் உடையனவே என 1929 ஜனவரியில் முடிவு கூறிற்று. நாம் காணும் இலக்கிய ஆண்டு இவ்வாறு தொடங்கியது என்பதனை மறத்தல் ஆகாது.

இலக்கியக் களமோ வளர்ந்து வந்தது. சிட்னியில் 1880இல் தொடங்கப்பெற்ற 'புல்லட்டின்' வார இதழ் உள்நாட்டுக் கதைகளுக்கும் கவிதைகளுக்கும் பெரிதும் இடமளித்து ஒரு தலைமுறை எழுத்தாளரை உருவாக்கியிருந்தது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் கூட்டமைப்பு 1928இல் அந்நகரிலேயே தோன்றிற்று. எனினும் நெடும்புதினம் எழுதுவோர் பதிப்பாளரைத் தேடி இலண்டனையே நோக்க வேண்டியிருந்தது. நாம் காணவிருக்கும் மூன்று புதினங்களும் இலண்டனில் வெளியானவையே. ஹைன்மன், ஹாரப், ஜோனதன் கேப் என்னும் நிறுவனங்கள் அவற்றை வெளியிட்டன. ஆஸ்திரேலிய மண்ணிலேயே அச்சேறியது நான்காவதாகிய சிறுநூல் ஒன்றுதான்.

ஆண்பெயர் பூண்ட பெண்

1929 தொடக்கத்தில் வெளிவந்த 'அல்டிமா தூலி' என்னும் புதினத்தின் ஆசிரியர் ஹென்றி ஹேண்டல் ரிச்சர்ட்சன். இஃது எதெல் ஃப்ளாரென்ஸ் லிண்ட்சே ரிச்சர்ட்சன் என்னும் அம்மையாரின் புனைபெயர். 1870இல் மெல்பேர்னில் பிறந்த இவர், 1888இல் இசை பயில ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குச் சென்றார். பின்னர் இலண்டனில் நிலைத்து வாழ்ந்தார். பெண்ணின் எழுத்தை எளிதில் இனங்கண்டு கொள்ளலாம் எனப் பலரும் பேசிவந்ததைக் கேட்டு, அதனைச் சோதித்துப் பார்க்கவே ஆண்பெயரை மேற்கொண்டதாக அவரே பின்னர்க் கூறினார்.

'ரிச்சர்ட் மஹோனியின் வாழ்வு' என்னும் முத்தொகுதிப் புதினத்தின் இறுதிப் பகுதி இது. முதற்பகுதி 1917இலும் இரண்டாம் பகுதி 1925இலும் வெளிவந்தன. அவை போதிய வரவேற்புப் பெறாமையால் மூன்றாம் பகுதியை வெளியிடப் பதிப்பகத்தார் தயங்கினர். அம்மையாரின் கணவரும் இலண்டன் பல்கலைக்கழக ஜெர்மன் மொழிப் பேராசிரியருமான ஜே. ஜி. ராபர்ட்சன் அச்சுச் செலவை ஏற்றுக்கொண்ட பின்னரே ஆயிரம் படிகள் அச்சாயின. வெளிவந்ததும் நூல் பெரும்புகழ் எய்திற்று. 1929ஆம் ஆண்டின் சிறந்த புதினத்துக்கான ஆஸ்திரேலிய இலக்கியச் சங்கத்தின் தங்கப்பதக்கமும் அதற்கே கிடைத்தது. மறு ஆண்டு மூன்று பகுதிகளும் ஒரே நூலாயின.

'அல்டிமா தூலி' என்னும் இலத்தீன் தொடர் உலகின் கடைக்கோடியைக் குறிக்கும். செல்வம் முழுவதையும் இழந்த மருத்துவர் மஹோனி, முதுமையின் வாயிலில் மீண்டும் தொழிலைத் தொடங்குகின்றார். ஊர் ஊராகப் பெயர்கின்றார். எங்கும் நிலைகொள்ள இயலவில்லை. அறிவு சிறிது சிறிதாக மங்குகின்றது. அவர்தம் மனைவி மேரி அஞ்சலகப் பணியைக் கற்றுக்கொண்டு, சிற்றூர் ஒன்றில் அஞ்சலகத் தலைவியாகிக் குடும்பத்தைக் காக்கின்றாள். மனநோய் விடுதியிலிருந்து கணவனை மீட்டு வந்து இறுதிவரை பேணுகின்றாள்.

இக்கதையின் வழி யாது? அம்மையாரின் தந்தையும் மருத்துவரே. அவரும் மனநிலை திரிந்து 1879இல் மறைந்தார். தாயும் அஞ்சலகத் தலைவியாகவே பிள்ளைகளை வளர்த்தார். கதையில் வரும் சிறுவன் கஃபி, அம்மையாரின் இளமைச் சாயலில் படைக்கப்பட்டவன். அட்டையில் ஆண்பெயர் பூண்டவர் கதையினுள்ளும் தம்மை ஆண்பிள்ளையாகவே அமைத்துக்கொண்டார். ஆயின் சொல்லப்பட்ட துயரம் அவர்தம் வீட்டுத் துயரம். அதனைச் சொல்லும் உரிமையும் அவருக்கே உரியது. பெயர் புனைவாயினும் வழி மெய்யானது என்க.

இருவர் கொண்ட ஒரு பெயர்

1928இல் 'புல்லட்டின்' இதழ் நடத்திய புதினப் போட்டிக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள் வந்து குவிந்தன. முதற்பரிசு இரண்டு புதினங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று 'ஒரு வீடு எழுந்தது' என நாம் தமிழில் கூறத்தக்க 'எ ஹவுஸ் இஸ் பில்ட்'. 1929இல் ஹாரப் நிறுவனம் இதனை நூலாக்கியது. ஆசிரியர் பெயர் எம். பார்னார்டு எல்டர்ஷா.

அப்பெயரில் ஒருவர் இல்லை, இருவர் உள்ளனர். மார்ஜரி பார்னார்டு, ஃப்ளோரா எல்டர்ஷா என்னும் இருவரும் 1897இல் பிறந்து, சிட்னிப் பல்கலைக்கழகத்தில் தோழியரானவர்கள். பார்னார்டு நூலகராகவும் எல்டர்ஷா பள்ளி ஆசிரியையாகவும் பணியாற்றினர். ஆக்ஸ்ஃபோர்டில் மேற்கல்வி பெறும் வாய்ப்புக் கிட்டியும் தந்தையார் இசையாமையால் பார்னார்டு அதனை இழந்தார். இருவரும் சேர்ந்து இப்பெயரில் ஐந்து புதினங்கள் எழுதினர். 1935இல் எல்டர்ஷா எழுத்தாளர் கூட்டமைப்பின் முதற்பெண் தலைவரானார்.

ஜேம்ஸ் ஹைட் என்னும் கடற்படைப் பண்டகப் பொறுப்பாளர் 1830களின் இறுதியில் சிட்னியில் குடியேறித் துறைமுகத்தருகே வணிகம் தொடங்குவதும், அது பெருநிறுவனமாவதும், மூன்று தலைமுறைகளில் அக்குடும்பம் உள்ளுக்குள் உடைவதுமே கதை. ஹைட்டின் மகள் ஃபேனி வணிகத்தில் தன் ஆற்றலை நிறுவிக் காட்டுகின்றாள். ஆயினும் பெண் என்னும் காரணத்தால் அவளுக்கு அங்கே நிலையான இடம் மறுக்கப்படுகின்றது. தந்தையின் சொல்லால் கல்வி தடைப்பட்ட ஒருவர் இதனை எழுதியவருள் ஒருவர் என்பதறிந்து படிக்கும்போது ஃபேனியின் துயரம் வெறுங் கற்பனையன்று என்பது புலனாகும்.

புனைபெயர் அக்காலத்தில் அரிதன்று. தங்கப்பதக்கத்தை 1928ஆம் ஆண்டுக்குப் பெற்ற 'மான்ட்ஃபோர்ட் குடும்பத்தார்' என்னும் புதினத்தை மார்ட்டின் பாய்டு, மார்ட்டின் மில்ஸ் என்னும் பெயரிலேயே வெளியிட்டார். மைல்ஸ் ஃபிராங்கிளின் அம்மையார் 1928 முதல் 'பிரென்ட் ஆஃப் பின் பின்' என்னும் பெயரில் புதினங்கள் வெளியிட்டார். 1954இல் மறையும் வரை அதனை வெளிப்பட ஒப்புக்கொண்டிலர். இவர்கள் தாமே விரும்பித் தம் பெயரை மறைத்தவர்கள். வேண்டும்போது திரையை விலக்கும் உரிமையும் அவர்களிடமே இருந்தது.

பெயர் உண்டு, குரல் இல்லை

போட்டியில் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்ட மற்றொரு புதினம் காதரின் சூசன்னா பிரிச்சார்ட் எழுதிய 'குனார்டூ'. 1928இல் 'புல்லட்டின்' இதழில் தொடராக வந்து, 1929இல் ஜோனதன் கேப் நிறுவனத்தால் நூலாக வெளியிடப்பட்டது. 'நிழலிலுள்ள கிணறு' என்பது தலைப்பின் பொருளாக நூலில் தரப்படுகின்றது. 1920இல் ஆஸ்திரேலியப் பொதுவுடைமைக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரான பிரிச்சார்ட், 1926இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள கால்நடைப் பண்ணை ஒன்றில் தங்கிக் கண்டவற்றைக் கொண்டு இப்புதினத்தை உருவாக்கினார்.

குனார்டூ ஒரு தொல்குடிப் பெண். பண்ணை உரிமையாளரின் மகன் ஹியூ வாட்டுடன் சிறுவயதில் ஒன்றாக விளையாடியவள். ஹியூவின் தாய் இறந்தபின், துயரில் வாடும் அவனுக்கு ஆறுதலாகின்றாள்; அவன் மகனைப் பெறுகின்றாள். அவளிடம் தான் கொண்ட அன்பை ஏற்கும் துணிவு ஹியூவுக்கு இல்லை. வேறொருவன் அவளைப் பலவந்தமாக அடைந்ததை அறிந்ததும், சினத்தால் அவளையே வதைத்துத் துரத்துகின்றான். ஆண்டுகள் பல அலைந்து, நோயுற்று, பாழடைந்த அப்பண்ணைக்கே திரும்பி வந்து அவள் உயிர் விடுகின்றாள். அவள் நீங்கிய நாள் முதல் பண்ணையும் வறண்டு அழிகின்றது.

'ஆஸ்திரேலியா வெள்ளையருக்கே' என்னும் பொருள்படும் முழக்கத்தைத் தன் முகப்பில் தாங்கிய இதழ் 'புல்லட்டின்'. 1960களின் தொடக்கம் வரை அம்முழக்கம் அங்கே நின்றது. அவ்விதழிலேயே வெள்ளையன் ஒருவன் தொல்குடிப் பெண்ணிடம் மெய்யான அன்பு கொண்டான் என்னும் கதை வந்தது பெரும் எதிர்ப்பை விளைவித்தது. வெள்ளையர் தொல்குடிப் பெண்டிரிடம் கொண்ட முறையற்ற உறவு பண்ணைப் புறங்களில் அனைவரும் அறிந்ததே. அதனை அன்பு எனப் பெயரிட்டு அழைத்ததே வாசகருக்குப் பொறுக்கவில்லை. வேன்ஸ் பாமர் அதனையொத்த கருவில் எழுதிய புதினத்தை, 'குனார்டூ'வால் பட்டது போதும் என்று கருதிய இதழாசிரியர் தொடராக வெளியிட மறுத்தார்.

பிரிச்சார்டின் துணிவு பாராட்டத்தக்கது. எனினும் ஆக்கியோனும் வழியும் என்னும் அளவுகோலை இங்கும் வைத்தல் வேண்டும். தொல்குடி வாழ்வைத் தாம் தீட்டியது சரிதானா என அறிய, தொல்குடியினர் தொடர்பான அரசு அலுவலர் ஒருவரிடம் கையெழுத்துப் படியைக் காட்டியதாக அவர் முகவுரையில் குறிக்கின்றார். வழியைக் கூறியது நேர்மை. ஆயின் சான்று பகர்ந்தவரும் வெள்ளையரே. தலைப்பில் குனார்டூவின் பெயர் நிற்கின்றது. கதையிலோ அவள் பெரும்பாலும் ஊமையாக நிற்கின்றாள். தம் மக்களைப் பற்றித் தாமே எழுதவல்ல தொல்குடியினர் அந்நாளில் இலர் என்பதாலா இது? அன்று. அத்தகைய ஒருவர் அதே ஆண்டில் நூல் வெளியிட்டார்.

பெயர் நீக்கப்பட்டவர்

டேவிட் யுனைப்பன் 1872இல் தென் ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆறு கடலோடு கலக்கும் பகுதியிலுள்ள கிறித்தவ ஊழியக் குடியிருப்பில் பிறந்தார். நாரிஞ்ஜெரி இனத்தவர். 'ஙுனைட்போனி' என்னும் குடும்பப் பெயரே ஆங்கில நாவுக்கேற்பத் திரிந்து 'யுனைப்பன்' ஆயிற்று. ஆட்டுமயிர் கத்தரிக்கும் கருவியின் கைப்பிடி அமைப்பைத் திருத்தி 1909இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதனால் அவருக்குப் பொருட்பயன் விளையவில்லை. பேச்சாளராகவும் சமய உரையாளராகவும் பல ஊர்களுக்குப் பயணம் செய்தார்.

1920களின் நடுவில் சிட்னியின் ஆங்கஸ் அண்டு ராபர்ட்சன் பதிப்பகத்தார் தொல்குடிக் கதைகளைத் திரட்டித் தருமாறு அவரை அமர்த்தினர். அவரும் கதைகளைத் திரட்டி, விவிலிய நடையின் சாயல் படிந்த தம் ஆங்கிலத்தில் எழுதி அளித்தார். பதிப்பகம் அவற்றைத் தானே வெளியிடாமல், அடிலெய்டு நகர மருத்துவரும் மானிடவியல் ஆர்வலருமான வில்லியம் ராம்சே ஸ்மித் என்பவருக்கு விற்றது. 1930இல் இலண்டனில் ஹாரப் நிறுவனம் 'ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் புராணங்களும் பழங்கதைகளும்' என்னும் பெருநூலை வெளியிட்டது. ஆசிரியர் ராம்சே ஸ்மித் எனப்பட்டார். யுனைப்பன் பெயர் அந்நூலில் இல்லை.

இதற்கு முந்திய ஆண்டாகிய 1929இல் யுனைப்பன் தம் கதைகளுள் சிலவற்றை 'நேட்டிவ் லெஜண்ட்ஸ்' என்னும் சிறுநூலாக அடிலெய்டில் தம் பெயரிலேயே அச்சிட்டார். தொல்குடி எழுத்தாளர் ஒருவர் பெயரில் வந்த முதல் நூல் எனப் பலராலும் குறிக்கப்பெறுவது இதுவே. அவ்வாண்டின் பரிசு பற்றிய பேச்சிலோ பதக்கம் பற்றிய பேச்சிலோ இதற்கு இடமில்லை.

பதிப்பகம் பணம் கொடுத்தது, உரிமை கைமாறியது, சட்டப்படி குறையில்லை என ஒருவர் வாதிடலாம். அச்சிடும் உரிமை விலைக்கு உரியது. ஆக்கியோன் யார் என்னும் உண்மை விலைக்கு உரியதன்று. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை நாம் அமானிதம் என்போம். அதனைக் குறைவின்றி உரியவரிடம் சேர்த்தல் கடமை. யுனைப்பன் ஒப்படைத்தவையோ அவருக்கு மட்டும் உரியனவும் அல்ல. தம் இனத்தவரிடமும் பிற இனத்தவரிடமும் கேட்டறிந்த கதைகள் அவை. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் காக்கப்பட்டவை. முதல்நூல் இன்னது எனக் கூறாமல் வழிநூல் செய்தவர், ஓர் ஆசிரியரின் பெயரோடு அவ்வாசிரியருக்குக் கதை கூறியோரின் தடத்தையும் சேர்த்தே மறைத்துவிட்டார்.

யுனைப்பன் 1967 பிப்ரவரியில் மறைந்தார். அவர் இனத்தவரையும் கணக்கில் சேர்க்க வகைசெய்த பொதுவாக்கெடுப்பு அவ்வாண்டு மே மாதம் நடைபெற்றது. அவர் பெயரால் தொல்குடி எழுத்தாளருக்கான இலக்கிய விருது 1988இல் நிறுவப்பட்டது. 1995இல் ஆஸ்திரேலிய 50 டாலர் பணத்தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. சிட்னியின் மிட்செல் நூலகத்தில் காக்கப்பட்டிருந்த அவரது கையெழுத்துப் படியைக் கொண்டு, ஸ்டீஃபன் மியூக், ஆடம் ஷூமேக்கர் என்னும் அறிஞர்கள் 2001இல் அக்கதைத் தொகுப்பை அவர் பெயரிலேயே பதிப்பித்தனர். பணத்தாளில் முகம் ஏறிய பின்னும் தம் நூலின் முகப்பில் பெயர் ஏற ஆறு ஆண்டுகள் ஆயின.

ஒப்புநோக்கு

ரிச்சர்ட்சனும் பார்னார்டும் எல்டர்ஷாவும் பெயரை மறைத்தமைக்குக் காரணம், பெண்ணின் நூலைப் பெண்ணின் நூல் என்றே எடைபோடும் உலகம். அவ்வுலகத்தைத் தம் ஆற்றலால் வென்று தம் மெய்ப்பெயர்களையும் நிலைநாட்டினர். பிரிச்சார்டு தம் பெயரால் எழுதி, ஒடுக்கப்பட்டோருக்காக வசை ஏற்றார். யுனைப்பனுக்கோ பெயரை வைத்துக்கொள்ளும் உரிமையே மறுக்கப்பட்டது. முன்னவர் அணிந்தது முகமூடி. பின்னவருக்கு நேர்ந்தது முகமே அழிக்கப்படுதல். இரண்டினையும் புனைபெயர் வரலாறு என ஒரே தலைப்பில் அடக்குதல் பொருந்தாது.

நன்னூலார் கூறிய எட்டனுள் கேட்போர் என்பதும் ஒன்று. புதினங்கள் மூன்றும் இலண்டனில் வெளிவந்து, ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் வாசகரைச் சென்றடைந்தன. யுனைப்பனின் கதைகளும் அப்பேரவையை அடைந்தன. பிறர் பெயர் தாங்கிச் சென்றதனால் அடைந்தன. அவர் பெயர் தாங்கிய சிறுநூலோ உள்ளூரளவில் நின்றது. யார் பேசினால் உலகம் கேட்கும் என்பதனை அக்காலம் முன்னரே முடிவு செய்துவிட்டது.

நிறைவுரை

1929ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் புதினத்தின் முதிர்ச்சியைக் காட்டிய ஆண்டு என இலக்கிய வரலாற்றாசிரியர் போற்றுவர். அது மெய்யே. அம்முதிர்ச்சியை அளந்தறிய விழைவோர், பதக்கம் பெற்ற நூலோடு அடிலெய்டில் அச்சான சிறுநூலையும் சேர்த்தே வைத்து நோக்குதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

நாட்டார் கதைகளையும் பாடல்களையும் திரட்ட ஊர்ப்புறம் செல்லும் நம் மாணவர்க்கு இவ்வரலாறு ஒரு பாடம். கதை சொன்ன பாட்டியின் பெயரும், பாடிய உழத்தியின் பெயரும், அவர்தம் ஊரும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் மட்டும் ஒதுங்கி நிற்றல் போதாது. பாயிரத்திலேயே அவை நிற்க வேண்டும். ஆக்கியோன் பெயரை முதலில் வைத்த நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற கடன் அது.